பாதி வரைந்தால் போதும்: ஒரு புல்லியை வைத்து ரிவால்வ் பழகுவது

கோவை கணபதியில் அப்பாவுக்கு ஒரு லேத் பட்டறை இருந்தது. ஒரு லேத், ஒரு டிரில்லிங் மெஷின், சுவரில் ஒரு மின்விசிறி, அவ்வளவுதான். யாராவது புது ஜாப் கொண்டுவந்தால் சாக்பீஸை எடுத்துத் தரையில் படுக்கையாக ஒரு கோடு போடுவார். அதற்கு மேலே மட்டும் ஜாப்பின் வடிவத்தை வரைவார். கீழே ஒன்றும் வரையமாட்டார். சின்ன வயதில் நான் கேட்டிருக்கிறேன், ஏன் பாதியோடு விட்டுட்டீங்க என்று. "மேல்பாதி போதும் கண்ணு, கீழ்ப்பாதிய சக்கு சுத்திக் காட்டிரும்" என்பார். சக்கு என்றால் லேத்தில் ஜாப்பைப் பிடித்துச் சுற்றும் பகுதி.

டிப்ளமா முடித்து கேட் (CAD, கணினியில் வரைவது) வேலைக்கு வந்த பிறகுதான் அவர் எனக்கு ரிவால்வ் கட்டளையைச் சொல்லித் தந்திருக்கிறார் என்பது உறைத்தது. அச்சு ஒரு கோடு, அதற்கு ஒரு பக்கத்தில் பாதி வெட்டுத்தோற்றம், ஒரு சுற்று. லேத்தில் ஜாப் சுற்றும், டூல் நிற்கும். இங்கே வரைந்த வடிவமே அச்சைச் சுற்றி வந்து பொருளாகிவிடும். ரிவால்வில் ஏதாவது சிக்கல் வந்தால் பத்துக்கு ஒன்பது தடவை வடிவத்துக்கும் அச்சுக்கும் நடுவில் இருக்கும் உறவில்தான் கோளாறு. மென்பொருளைத் திட்டுவதற்கு முன் அந்த இடத்தைப் பாருங்கள்.

டம்ளரையோ பூச்சாடியையோ வைத்துச் சொல்லிக்கொடுப்பது சுலபம். ஆனால் எங்கள் ஊரில் அன்றாடம் வருவது புல்லி, பெல்ட் மாட்டி ஓட்டுகிற சக்கரம். அதனால் புல்லி. 2 ஹெச்பி மோட்டாருக்கு, ஏ செக்‌ஷன் வீ பெல்ட் இரண்டு ஓடுகிற, நடுவில் கையோ வெட்டோ இல்லாத குட்டிப் புல்லி. நான் ஃப்ரீகேட் என்கிற கேட் மென்பொருளில் செய்கிறேன். காசு கொடுக்க வேண்டாம் என்பது முதல் காரணம். 2024 நவம்பரில் 1.0 பதிப்பு வந்தபின் கோபம் வருவதும் குறைந்திருக்கிறது என்பது இரண்டாவது. ஆட்டோகேடில் மாறும் இடங்களைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் காகிதத்தில் கணக்கு. பிட்ச் விட்டம், அதாவது பெல்ட்டின் இழுவைக்கோடு சுற்றும் வட்டத்தின் விட்டம், 100 மி.மீ. என்று வாடிக்கையாளர் சொல்லிவிட்டார். ஏ செக்‌ஷன் காடிக்கு (பெல்ட் உட்காரும் பள்ளம்), டிசைன் டேட்டா புத்தகத்தில் உள்ளபடி, பிட்ச் கோட்டில் அகலம் 11, பிட்ச் கோட்டுக்கு மேலே 3.3, கீழே 8.7, காடிக்கும் காடிக்கும் நடுத்தூரம் 15, ஓரத்திலிருந்து முதல் காடியின் நடு 10. இந்த விட்டத்துக்குக் காடியின் கோணம் 34 டிகிரி. ஆக வெளிவிட்டம் 100 + 3.3 + 3.3 = 106.6. மொத்த அகலம் 10 + 15 + 10 = 35. அந்த மோட்டாரின் ஷாஃப்ட் 24 மி.மீ., எனவே துளை 24.

இப்போது ஃப்ரீகேடைத் திறந்து பார்ட் டிசைனுக்குப் போய் ஒரு பாடி உருவாக்கி, எக்ஸ்-இசட் தளத்தில் ஸ்கெட்ச் தொடங்குங்கள். அச்சு எது என்று இங்கேயே முடிவாக வேண்டும். நிறையப் பேர் நிற்கிற அச்சைப் பிடித்துக்கொள்கிறார்கள், புல்லி தட்டு மாதிரிப் படுத்திருக்கும். நான் எப்போதும் படுக்கை அச்சுதான். கடைசல் ஜாப்பின் டிராயிங்கை டர்னர் பார்க்கும்போது அது சக்கில் மாட்டியிருப்பது போலத் தெரிய வேண்டும். படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்க்க வைத்தால் அவர் என்னைத்தான் திட்டுவார்.

ஒரு செவ்வகம் போடுங்கள். இடது விளிம்பு நிற்கும் அச்சின் மேல். அகலம் 35. அடிவிளிம்பு படுக்கை அச்சிலிருந்து 12 உயரத்தில், மேல்விளிம்பு 53.3 உயரத்தில். அந்த 12, துளையின் ஆரம், 53.3, வெளி ஆரம். டிராயிங்கில் எல்லாம் விட்டமாக இருக்கும், ஸ்கெட்சுக்கு வேண்டியது ஆரம். புதிதாக வருகிற பையன்கள் இந்த இடத்தில்தான் விழுவார்கள். 24 என்று படித்ததை 24 என்றே தட்டிவிட்டு, 48 மி.மீ. துளையோடு ஒரு புல்லியைப் பெருமையாகக் காட்டுவார்கள். மனக்கணக்கு போடாதீர்கள். அளவுப் பெட்டியில் 106.6/2 என்றே அடியுங்கள், ஃப்ரீகேட் வகுத்துக்கொள்ளும். வகுத்தல் பெட்டிக்குள் நடந்தால் டிராயிங்கில் இருக்கும் எண்ணும் நீங்கள் அடித்த எண்ணும் ஒன்றாகவே இருக்கும், சரிபார்க்கிறவருக்கும் சுலபம். சாலிட்வொர்க்ஸ் பழகியவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. அங்கே நடுக்கோட்டைத் தாண்டி அளவை இழுத்துவிட்டால் விட்டமாகவே காட்டும்.

ஸ்கெட்ச் முழுக்கப் பச்சையாக மாறும்வரை மூடாதீர்கள். பச்சை என்றால் எல்லாக் கோடும் கட்டுப்பட்டாயிற்று, இனி எதுவும் நகராது. மூடிவிட்டு ரெவல்யூஷன் பட்டனை அழுத்தினால் அது தன்பாட்டுக்கு ஸ்கெட்சின் நிற்கும் அச்சைத் தேர்ந்தெடுத்து விசித்திரமாக ஒன்றைக் காட்டும். பதற வேண்டாம். அச்சுப் பட்டியலில் படுக்கை அச்சுக்கு மாற்றுங்கள், கோணம் 360. வளையம் வந்துவிடும்.

வராமல் சிவப்பில் ஏதாவது சொன்னால், பெரும்பாலும் இரண்டில் ஒன்று. அச்சு ஸ்கெட்சை வெட்டுகிறது என்று சொன்னால், வடிவம் அச்சைத் தாண்டி மறுபக்கம் எட்டிப் பார்க்கிறது. அச்சைத் தொடலாம், அச்சின் மேலேயே ஒரு விளிம்பு படுத்திருக்கலாம், தாண்டக்கூடாது. தாண்டினால் ஒரே இடத்தில் பொருள் இரண்டு முறை நிரம்பும், அதை எந்த மென்பொருளும் ஒத்துக்கொள்ளாது. கோடு மூடவில்லை என்று சொன்னால், எங்கோ ஒரு மூலையில் இரண்டு முனைகள் ஒட்டாமல் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. கண்ணால் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். ஸ்கெட்சைச் சரிபார்க்கும் கருவி, வேலிடேட் ஸ்கெட்ச் என்று மெனுவில் இருக்கிறது, அது விட்டுப்போன இணைப்புகளை எடுத்துக் கொடுத்துவிடும்.

காடியை ஏன் முதல் ஸ்கெட்சிலேயே வரையவில்லை என்று கேட்கலாம். வரையலாம், தப்பில்லை. ஆனால் அனுபவத்தில் சொல்கிறேன், இரண்டு காடி கேட்ட வாடிக்கையாளர் அடுத்த மாதம் மூன்று கேட்பார். அப்போது முதல் ஸ்கெட்சைப் பிரித்து மேய வேண்டியிருக்கும். பட்டறையிலும் முதலில் உருளை, பிறகுதான் காடி.

எனவே அதே எக்ஸ்-இசட் தளத்தில் இரண்டாவது ஸ்கெட்ச். நிற்கும் அச்சிலிருந்து 10 தள்ளி ஒரு துணைக்கோடு நேராக நிறுத்துங்கள். இது காடியின் நடு. படுக்கை அச்சிலிருந்து 50 உயரத்தில் இன்னொரு துணைக்கோடு, நீளம் 11, நடுக்கோட்டுக்கு இரு பக்கமும் சமமாக. இது பிட்ச் கோடு. இப்போது வாய் அகன்ற ஒரு சரிவகம் வரைந்து, அதன் இரண்டு சரிந்த பக்கங்களும் பிட்ச் கோட்டின் முனைகள் வழியாகப் போகும்படி கட்டுங்கள். ஒவ்வொரு பக்கமும் செங்குத்திலிருந்து 17 டிகிரி. அடிவிளிம்பு 41.3 உயரத்தில். மேல்விளிம்பு 53.3 என்று நிறுத்தாமல் 54 வரை போகட்டும். வெட்டுகிற வடிவமும் வெட்டுப்படுகிற பரப்பும் அச்சு அசலாக ஒரே இடத்தில் முடிந்தால் சில சமயம் மென்பொருள் தடுமாறும். டூல் கொஞ்சம் காற்றிலும் வெட்டட்டும்.

இப்படிச் செய்வதில் ஒரு சுகம் இருக்கிறது. காடியின் வாய் அகலத்தை நீங்கள் எங்கேயும் கொடுக்கவில்லை. வெளிப்பரப்பில் அளந்து பாருங்கள், 13.02 காட்டும். ஏ செக்‌ஷன் பெல்ட்டின் மேல் அகலம் 13. கணக்கு சரியாக வந்திருக்கிறது என்று பெல்ட்டே வந்து சொல்வது மாதிரி.

ஸ்கெட்சை மூடி க்ரூவ் கருவியை அழுத்துங்கள். இது ரெவல்யூஷனின் தம்பி. அது நிரப்பும், இது குடையும். அச்சு மறுபடி படுக்கை. பிறகு லீனியர் பேட்டர்ன்: திசை எக்ஸ் அச்சு, நீளம் 15, எண்ணிக்கை 2. மொத்த நீளம் என்ற முறையில் இருந்தால் அந்த நீளம் முதல் காடிக்கும் கடைசிக் காடிக்கும் நடுவே உள்ளது. மூன்று காடி ஆக்கும்போது எண்ணிக்கையை மட்டும் 3 ஆக்கினால் மூன்றும் 15 மி.மீ.க்குள் நெருக்கியடித்து நிற்கும். நீளத்தை 30 ஆக்கி, முதல் ஸ்கெட்சில் 35ஐ 50 ஆக்குங்கள்.

ஷாஃப்ட்டையும் புல்லியையும் சேர்த்துப் பூட்டும் கீ உட்காரும் பள்ளமான கீவே மட்டும் ரிவால்வில் வராது. சுற்றிலும் ஒரே மாதிரி இருப்பதுதான் ரிவால்வின் வேலை. ஒரு பக்கம் மட்டும் இருப்பது அதன் கைக்கு எட்டாது. பம்ப் இம்பெல்லரில்கூட மேல்தட்டும் அடித்தட்டும் ரிவால்வ், நடுவில் உள்ள வேன்கள், அதாவது தண்ணீரைத் தள்ளும் இதழ்கள், வேறு வேலை. புல்லியின் இடது முகம் சரியாக ஒய்-இசட் தளத்தில் உட்கார்ந்திருக்கிறது அல்லவா, கீவே ஸ்கெட்சை அந்தத் தளத்திலேயே போடுங்கள். புல்லியின் முகத்தில் ஒட்டினால் பிறகு ஏதாவது மாற்றும்போது அது இடம் தெரியாமல் தவிக்கக்கூடும். 24 ஷாஃப்ட்டுக்குக் கீ அகலம் 8. துளையின் அடியிலிருந்து கீவேயின் தலைவரை 27.3. அதாவது மையத்திலிருந்து 15.3 உயரம். செவ்வகத்தை நடுவில் நிறுத்தி, முழுக்க ஊடுருவுகிற மாதிரி பாக்கெட். காற்றில் எதிர்ப்பக்கமாக வெட்டப் பார்த்தால் ரிவர்ஸ்டில் டிக் போடுங்கள்.

எடை

ஃபவுண்டரியில் கிலோ கணக்கில்தான் பில். அதனால் மாடல் முடிந்ததும் கன அளவைப் பார்க்காமல் விடமாட்டேன். கூடவே கையாலும் ஒரு கணக்கு போடுவேன், கால்குலேட்டரில் அரை நிமிடம். அலெக்சாந்திரியாவின் பாப்பஸ் பேரில் வழங்குகிற பழைய தேற்றம் அது: வடிவத்தின் பரப்பை, அதன் மையப்புள்ளி ஒரு சுற்றில் நடக்கும் தூரத்தால் பெருக்கினால் கன அளவு. காடி வெட்டாத வளையத்துக்கு, செவ்வகம் 41.3க்கு 35, பரப்பு 1445.5. மையம் அச்சிலிருந்து 32.65. அது நடக்கும் வட்டம் சுமார் 205.15. பெருக்கினால் 2,96,500 சொச்சம் கன மி.மீ., அதாவது 296.5 கன செ.மீ. காடி ஒன்றுக்குப் பரப்பு 112.2, மையம் சுமார் 48.1 தூரத்தில், கன அளவு 33.9. இரண்டு காடி போனால் மிச்சம் 228.7. வார்ப்பிரும்புக்கு கன செ.மீ.க்கு 7.2 கிராம் வைத்தால் 1.65 கிலோ. கீவே போவது ஏழு கிராம் சொச்சம், விட்டுவிடலாம்.

மென்பொருள் காட்டும் எண் இதை ஒட்டி இருந்தால் நிம்மதி. இரண்டு மடங்கோ நான்கு மடங்கோ தள்ளி இருந்தால் எங்கோ ஆரமும் விட்டமும் மாறியிருக்கிறது.

ஊசித்துளை

ஃபவுண்டரிக்குப் போகிற காஸ்டிங்குக்குத் தனி பாடி ஒன்று வைத்துக்கொள்வேன். இந்தச் சின்னத் துளையை வார்ப்பில் விடுவதில்லை, கட்டியாக வார்த்து லேத்தில் துளைத்துக்கொள்வார்கள். ஒவ்வொரு முகத்திலும் கடைசலுக்கு 3 மி.மீ. கூட்டுவேன். ஆக அகலம் 41, ஆரம் 56.3, அடிவிளிம்பு அச்சின் மேலேயே. எடை 2.94 கிலோ. வாடிக்கையாளர் கைக்குப் போவது 1.65, மிச்சமெல்லாம் சீவல்.

வேலைக்கு வந்த முதல் வருடம் இப்படி ஒரு காஸ்டிங் வரைந்து, வார்ப்புக்கு மாதிரி உருவம் செய்யும் பேட்டர்ன் கடைக்கு அனுப்பினேன். மறுநாள் பேட்டர்ன் செய்யும் பெரியவர் போன் செய்தார். "ஏன் அம்மிணி, நடுவுல ஊசி கோக்கற ஓட்டை எதுக்கு?" எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஓட்டையே இல்லை என்று சாதித்தேன். அவர் பையன் லேப்டாப்பில் திறந்து பெரிதாக்கிப் பார்த்திருக்கிறான், நடுவில் ஒரு மயிரிழை வட்டம். நானும் என் திரையில் பெரிதாக்கினேன், இன்னும் பெரிதாக்கினேன், இருந்தது. செவ்வகத்தின் அடிவிளிம்பை அச்சின் மேல் வைத்ததாக நினைத்து, கண் மதிப்பில் வைத்திருக்கிறேன். அச்சிலிருந்து 0.02 மி.மீ. விலகல். சுற்றியதும் 0.04 மி.மீ. விட்டத்தில் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஒரு துளை. கன அளவிலும் தெரியாது, எடையிலும் தெரியாது. வெட்டுத்தோற்றம் போட்டால் மட்டும் நடுக்கோட்டின் இரு பக்கமும் இரண்டு கோடுகள் ஒட்டிக்கொண்டு நிற்கும்.

அன்றிலிருந்து அச்சில் உட்கார வேண்டிய விளிம்பை இழுத்து வைப்பதோடு விடுவதில்லை. அதன் இரண்டு முனைகளையும் அச்சின் மேல் இருக்கும்படி கட்டுவேன். பச்சை வராமல் ஸ்கெட்சை மூடாதீர்கள் என்று மேலே சொன்னது இந்த ஊசி குத்தியதால்தான்.

ஆட்டோகேடில் செய்பவர்களுக்கு

அங்கே ஸ்கெட்ச் தன்னைத்தானே கட்டிக்கொள்ளாது. வடிவத்தை ஒரே மூடிய பாலிலைனாக வரையுங்கள். நான்கு தனிக்கோடுகளை வரைந்து, நான்கையும் தேர்ந்தெடுத்து ரிவால்வ் கொடுத்தால் சாலிட் வராது. ஒவ்வொரு கோடும் தனித்தனிச் சர்ஃபேஸ் ஆகிவிடும். பார்க்க அச்சு அசலாகப் புல்லி மாதிரியே இருக்கும், உள்ளே காற்று. கோடுகளை ஜாயின் கட்டளையால் ஒன்றாக்கிவிட்டு ரிவால்வ் கொடுங்கள். அச்சின் தொடக்கப் புள்ளி, முடிவுப் புள்ளி, கோணம் என்று வரிசையாகக் கேட்கும். 360க்குக் குறைவான கோணம் என்றால் எந்தப் பக்கம் சுற்றும் என்பது அச்சின் இரண்டு புள்ளிகளை எந்த வரிசையில் கொடுத்தீர்கள் என்பதைப் பொறுத்தது. வலது கையின் கட்டைவிரலை முதல் புள்ளியிலிருந்து இரண்டாம் புள்ளி நோக்கி நீட்டினால் மற்ற விரல்கள் மடங்கும் பக்கம்.

வரைந்த வடிவம் ரிவால்வ் முடிந்ததும் காணாமல் போகும். அது டெல்ஆப்ஜ் என்கிற மாறியின் வேலை. 0 என்று வைத்தால் வடிவம் தங்கும். பிறகு மாற்ற வேண்டியிருக்கும் என்று தெரிந்தால் தங்க வைத்துக்கொள்ளுங்கள். கன அளவுக்கு மாஸ்ப்ராப்.

சர்ஃபேஸே வேண்டிய வேலையும் உண்டு. எவர்சில்வர் டம்ளர் மாதிரித் தகட்டுப் பொருளுக்கு உள்பக்கத்தின் கோட்டை மட்டும் திறந்த பாலிலைனாக வரைந்து சுற்றினால் தோல் வந்துவிடும். பிறகு திக்கன் கட்டளையில் தகட்டின் கனத்தைக் கொடுத்தால் சாலிட். உள்கோட்டை வைத்து வரைவதில் லாபம், எவ்வளவு பிடிக்கும் என்பதும் கையோடு தெரியும். வாய் 70, அடி 55, உயரம் 85 என்றால் விளிம்புவரை 262 மில்லி. ஃப்ரீகேடில் இதற்குப் பார்ட் டிசைனை விட்டு பார்ட் பக்கம் போக வேண்டும். அங்கே ரிவால்வ் பெட்டியில் சாலிட் ஆக்கு என்று ஒரு டிக் இருக்கும், அதை எடுத்துவிட்டுச் சுற்றுங்கள்.

பழைய ஆட்கள் சிலர் இன்னும் ரெவ்சர்ஃப் கட்டளையைப் பயன்படுத்துகிறார்கள். அது தருவது மெஷ், சர்ஃப்டேப் 1 என்கிற மாறி எத்தனை துண்டாகச் சுற்ற வேண்டும் என்று சொல்லும். அது ஆரம்பத்தில் 6. மாற்றாமல் சுற்றினால், டம்ளர் கேட்ட இடத்தில் ஆறுமுகன் வந்து நிற்பார். 36, 48 என்று ஏற்றிக்கொண்டால் வட்டமாகத் தெரியும், ஆனாலும் உள்ளுக்குள் அது பட்டை பட்டையானதுதான். மெஷினுக்குப் போகிற வேலைக்கு நான் அதைத் தொடுவதில்லை.

புல்லிக்குத் திரும்புவோம். காஸ்டிங் பாடியை மட்டும் தேர்ந்தெடுத்து ஸ்டெப் கோப்பாக ஏற்றுமதி செய்யுங்கள். எதையும் தேர்ந்தெடுக்காமலோ இரண்டையும் சேர்த்தோ அனுப்பினால், உருளைக்குள் புல்லி புதைந்திருப்பதைப் பார்த்து அங்கே குழம்புவார்கள். இன்னொன்று, வார்ப்பிரும்பு ஆறும்போது ஏறக்குறைய நூற்றுக்கு ஒன்று சுருங்கும், 112.6 விட்டத்துக்கு ஒரு மில்லிமீட்டருக்கு மேலே. அதை மாடலிலேயே சேர்க்கலாமா என்று நினைப்பீர்கள். நானும் நினைத்தேன், நல்லவேளை கேட்டுவிட்டேன். "சுருக்கம் நான் போட்டுரட்டுங்களா, இல்ல நீங்க போடறீங்களா?" என்று அதே பெரியவரிடம்.

"நீ கம்முனு அனுப்பு அம்மிணி. என்ற ஸ்கேலே சுருக்கத்தையும் சேர்த்துக் கோடு போட்ட சுருக்க ஸ்கேலுதான். ஓட்டை மட்டும் இல்லாம அனுப்பு."